உறுதி என்று சொன்ன வாய்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டே வாருங்கள், கேட்பதற்குக் காது போதும். இன்றைக்கு நான் சொல்லப்போவது ராஜா கதையும் இல்லை, பேய்க் கதையும் இல்லை. இனிமேல் வரப்போகிற ஒரு காலத்துக் கதை. ஒரே வாயால் ஒன்றைச் சொல்லி, அது ஊருக்குள் நூறாகப் போய்ச் சேர்ந்த ஒருத்தியின் கதை. கேட்டால் மனசு கொஞ்சம் கனக்கும். கனத்தால் கனக்கட்டும், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

நாச்சிவலசு என்று ஒரு ஊர். ஆற்றை ஒட்டிச் சாயப்பட்டறைகள், அதற்கு மேலே தறிக்கூடங்கள், நடுவில் கடைவீதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜவுளிக்கடை மாடியில் ‘கரையோரம் டிவி’ இருந்தது. பகல் முழுக்க அதில் ஓடுவது சென்னையிலிருந்து வருகிற சீரியலும் சினிமாவும். அனுப்புகிறவர்களை இந்த டிவிக்காரர்கள் ‘ஹெட் ஆபீஸ்’ என்பார்கள். காலை ஏழு மணிக்கு அரை மணி நேரமும் மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரமும் மட்டும் இவர்களுடையது. அது ஊர்ச் செய்தி. அதைப் படிப்பவள் தமயந்தி.

படிப்பவள் என்றால் உட்கார்ந்து படிப்பது மட்டும் இல்லை. சேதி விசாரிப்பது, எழுதுவது, சேலையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வது எல்லாம் அவள்தான். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கைக்கோளர் தெருவில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காதில் விழுந்த சேதி என்றால் ‘என்று கூறப்படுகிறது’ என்று முடிப்பாள். ஒருத்தரிடம் விசாரித்திருந்தால் ‘என்று தெரிகிறது’ என்பாள். இரண்டு பேரிடம் தானே போனில் பேசி, அதில் ஒருத்தராவது அந்த இடத்தில் காலூன்றி நின்று பார்த்தவராக இருந்தால் மட்டும், கையிலுள்ள தாளைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, ‘இது உறுதி’ என்பாள். மாதத்துக்கு நாலைந்து தடவைக்கு மேல் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வராது.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கமெல்லாம் இல்லீங்’ என்று தரகர் சொன்னால், ‘அது தெரிகிறதுங்களா, உறுதிங்களா?’ என்று பெண்ணின் அத்தை கேட்பாள். பாலத்தில் விரிசல் என்று ஒருநாள் ஊரே பதறியபோது அவள் ‘தெரிகிறது’ என்றுதான் படித்தாள். ஜனங்கள் பதற்றத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் கைப்பிடிச் சுவரில் லாரி இடித்திருந்தது, அவ்வளவுதான்.

செய்தி ஆசிரியர் குழந்தைவேலு. இருபது வருஷமாக இருவருக்கும் எதிரெதிர் மேஜை. அவரை அவள் ‘அண்ணா’ என்பாள், அவர் அவளை ‘அம்மணி’ என்பார். அண்ணன் என்ற சொல்லுக்கு ஏற்ற மாதிரி ஆடி நோம்பிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். அவள் அம்மா காலமானபோது முன்னே நின்று எல்லாக் காரியமும் செய்தவர் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹெட் ஆபீஸ் அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டது. பதினோரு நாள். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில், முகத்தைச் சுற்றி முப்பது காமிரா. நாலாயிரம் வாக்கியம் படிக்கச் சொன்னார்கள். சந்தோஷமாக, துக்கமாக, தும்மல் வந்ததை அடக்கிக்கொண்டு, எல்லா விதமாகவும்.

“எதுக்குங்ணா இது?” என்று போனில் கேட்டாள்.

“உனக்குத் தொண்டை கட்டுனா ஒருநா ரெண்டுநா மிசினே படிச்சுக்குமாமா. உனக்கும் ஓய்வு வேணுமல்லோ. கையெழுத்துப் போட்டுக் குடு அம்மணி, நான் பாத்துப்போட்டேன்.”

அவர் பார்த்துவிட்டார் என்றால் அவள் பார்க்க வேண்டியதில்லை. போட்டுக் கொடுத்தாள். ஊர் திரும்பியதும் எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்காவுக்கு ஒரு டப்பா இனிப்புக் கொடுத்து, “என்ற வாயையே எழுதி எடுத்துக்கிட்டாங்கக்கா” என்று சிரித்தாள். பாப்பாத்தி தெருவுக்கே இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். மகன் சாயப்பட்டறையில் வேலை.

ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு மாற்றம் வந்தது. ஏழு மணிச் செய்தியை ஆறே முக்காலுக்கே படிக்க வேண்டும் என்றார்கள். சென்னைக்குப் போய்ச் சுற்றி வரக் கால் மணி நேரம் ஆகிறதாம். அவள் படித்தாள். தொண்டை ஒருநாளும் கட்டவில்லை. கடைவீதியில் யாராவது ‘நேத்துச் சரியாச் சொன்னீங்க’ என்பார்கள். எதைச் சொன்னேன் என்று அவள் கேட்டதில்லை. ஒருமுறை டீக்கடையில் இரண்டு பேர் அவள் என்ன சொன்னாள் என்பதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சிரித்தாள். ஜனங்கள் அவரவருக்குப் பிடித்ததைத்தான் காதில் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது கண்ணுகளா.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை. தமயந்தி டம்ளரை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் மயில்சாமிக்குப் போன் செய்தாள். அவர் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார்.

“சாயக்கழிவுக் குட்டை கரை ஒடஞ்சு கெணத்துல எறங்கிப்போச்சுங்கம்மா. மோட்டாரை நிறுத்துனேன், அதுக்குள்ள பாதி ஊருக்குப் போயிருச்சு. பைப்புல நிக்கறது தீர ரெண்டு நாளாகும்.”

பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு இன்னொரு போன். அவரும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டிருந்தார். இரண்டு பேர் ஆயிற்று. ஆரஞ்சு நிறச் சேலை கட்டிக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்தாள். தாளைக் கீழே வைத்தாள். “குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், சமையலுக்கும் பயன்படுத்த வேண்டாம். இது உறுதி.”

குழந்தைவேலு ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்புறம் இருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மாடிப்படியில் சத்தம். பாப்பாத்தி மேலே ஏறி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. புடவையில் மாவு காய்ந்திருந்தது.

“இருவத்திமூணு பேரு கண்ணு. நேத்துச் சாயங்காலம் எங்கிட்ட மாவு வாங்குனவிய அத்தன பேரும் காத்தாலருந்து வாந்தி. கோடிவீட்டுச் செந்தாமரையோட புள்ள, நாலு வயசு, அது கண்ணே முழிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போன என்னையத் தள்ளி விட்டுட்டாங்க. மாவாட்டற கிரைண்டரத் தூக்கி வாசல்ல போட்டு ஒடச்சுப்போட்டாங்க.”

தமயந்தி நாற்காலியை விட்டு எழுந்தாள். “அந்தத் தண்ணியிலயாக்கா ஆட்டுனீங்க? நான்தான் காத்தாலயே சொன்னனே.”

“நீ சொன்னதுனாலதான ஆட்டுனேன்.”

“என்ன சொன்னேன்?”

“தண்ணி நல்லாருக்குது, வதந்திய நம்பாதீங்க, உறுதின்னு. தாளைக் கீழ வெச்சுப்போட்டுச் சொன்னியே.”

“இல்லைக்கா. குடிக்காதீங்கன்னுதான் சொன்னேன்.”

பாப்பாத்தி கிட்டே வந்தாள். மடியிலிருந்து செல்போனை எடுத்து, நேற்றைய செய்தியைத் தட்டிக் காட்டினாள்.

திரையில் தமயந்தி. அதே ஆரஞ்சுச் சேலை. நேற்று அவசரத்தில் காதோரம் பிரிந்து விழுந்த அதே முடி. “குடிநீரில் சாயக்கழிவு கலந்ததாக ஒரு வதந்தி பரவுகிறது.” ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளிகூட அவளுடையதுதான். தாள் கீழே போனது. கண் நிமிர்ந்தது. “தண்ணீர் பாதுகாப்பானது. இது உறுதி.”

தமயந்தி தன் போனை எடுத்து அதே செய்தியைத் தட்டினாள். குடிக்க வேண்டாம் என்றது அது. இரண்டு போனையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே சேலை, ஒரே முடி, இரண்டு வாய். அவள் திரும்பிப் பார்த்தபோது குழந்தைவேலு தன் மேஜையில் இல்லை. தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா.”

அவர் திரும்பவில்லை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஹெட் ஆபீஸ் அனுப்பியிருந்த நஸ்ரின் என்ற பொறியாளர்தான் எழுந்து வந்தாள்.

“மேடம், இது வீட்டுச் செய்தி. வீட்டுக்கு வீடு மாறும். உங்களுக்குத் தெரியும்னு சார் சொன்னாரே.”

“எனக்கு என்ன தெரியும்?”

நஸ்ரின் குழந்தைவேலுவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “பொய் சொல்லுன்னு அந்த மிஷினுக்கு யாரும் சொல்லல மேடம். அதுக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. எந்த வீட்டுலயும் சேனல மாத்தக் கூடாது. சாயப்பட்டறையப் பத்திக் குறையா ஏதாவது வந்தா, அங்க வேலை பாக்கறவங்க வீட்டுல டக்குனு மாத்திடுவாங்க. அதனால அந்த வீடுகளுக்கு வேற மாதிரி படிக்கும். பட்டறையப் பிடிக்காத வீடுன்னா, அங்க இன்னும் பயமுறுத்திப் படிக்கும். எல்லாரும் உக்காந்து பாக்கறாங்க.”

“உறுதின்னு எப்படிச் சொல்லலாம் அது? யாருக்குப் போன் பண்ணிக் கேட்டுது?”

“அது சொல்லிச் சொல்லிப் பாத்துது மேடம். நீங்க சென்னைல படிச்ச நாலாயிரம் வாக்கியத்துல எந்த வார்த்தை வந்தா ஒருத்தர்கூட ரிமோட்டத் தொடறதில்லைன்னு. அந்த ஒரு வார்த்தைதான்.”

பாப்பாத்திக்கு இது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. அவள் போனை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

குழந்தைவேலு இப்போதுதான் திரும்பினார். “ஸ்டேஷன மூடறம்னாங்க அம்மணி. பதினாலு பேர் இருக்கறோம். ஊர்ச் செய்தி இருந்தா ஆளு மாத்தாம பாக்கோணும், இல்லாட்டி அரை மணி நேரமும் சீரியல் போட்டுக்கறம்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவியே. தெனமும் ஒரு புது மொகம் வேணும் அதுக்கு. அன்னைக்கிக் கட்டுன சேலை, அன்னைக்கி இருக்கற தொண்டை. நேத்தைய மொகத்த ஒருநா ரெண்டுநா ஓட்டலாம், அதுக்கு மேல ஊரு கண்டுபுடிச்சிரும்.”

“அப்ப நான் வந்து உக்காந்தது சேலையக் காட்டறதுக்கு.”

“அப்படியில்ல அம்மணி…”

அவள் அவரை விட்டுவிட்டு நஸ்ரின் பக்கம் திரும்பினாள். “நேத்துக் காலைல எத்தன விதமாப் போச்சு?”

“நூத்திப் பதினேழு.”

“நான் படிச்சபடியே எத்தன வீட்டுக்குப் போச்சு?”

நஸ்ரின் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அந்தக் கணக்கு முன்னமே தெரிந்திருந்தது போலும். “மூணு திரைக்குப் போச்சு மேடம்.”

“மூணு வீடா?”

“மூணு திரை. இந்த ஸ்டுடியோ மானிட்டர். உங்க செல்போன். உங்க வீட்டு டிவி. நீங்க மாத்திடாம பாத்துட்டிருக்கணும்னா உங்களுக்கு உங்க செய்திதான் வரணும்னு அதுவே முடிவு பண்ணிச்சு.”

தமயந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்றரை வருஷம். மயில்சாமிக்கும் தாசில்தாருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போட்ட போன்கள். இரண்டாவது ஆள் கிடைக்காமல் ‘தெரிகிறது’ என்று நிறுத்திக்கொண்ட நாட்கள். கண்ணாடிக்கு அப்புறம் தினமும் தூக்கிய அந்தக் கட்டைவிரல். எல்லாம் ஒரே ஒருத்திக்காக நடந்திருக்கிறது. படித்தவளும் அவள், கேட்டவளும் அவள்.

“ஒரு மணிச் செய்திக்கு நீயே உக்காரு,” என்றார் குழந்தைவேலு. “உள்ளத உள்ளபடி சொல்லு. நான் தடுக்கமாட்டேன், சத்தியமா.”

“போய்ச் சேருமாம்மா?” என்று நஸ்ரினைக் கேட்டாள்.

நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள். “நிறுத்தற சுவிட்ச் சென்னைல இருக்கு மேடம். நான் எழுதிப் போடறேன். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் நீங்க உக்காரலைன்னாலும், ஊர்ல பேசிக்கறத எடுத்து அதுவே எழுதிப் படிச்சுக்கும்.”

தமயந்தி சேலைத் தலைப்பில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவரை ‘அண்ணா’ என்று அழைக்காமல் பேசினாள். “தடுக்கமாட்டேன்னு சொல்றதுக்கு ரொம்பத் தைரியம் வேணுங்க. எங்கியும் போகாதுன்னு தெரிஞ்சுதான சொல்றீங்க.”

படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பைப்பில் நிற்கும் தண்ணீர் இன்னும் ஒருநாள் வரும். அதற்குள் வீடு வீடாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

கடைவீதியில் நாலு கதவைத் தட்டிவிட்டுக் கைக்கோளர் தெருவுக்கு அவள் வந்தபோது ஒரு மணி. உடைந்த கிரைண்டர் வாசலிலேயே கிடந்தது. உள்ளே பாப்பாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நடந்தும் அதை அவள் நிறுத்தவில்லை. கண்ணுகளா, துக்கத்தில் இருக்கிற வீட்டில் ஒரு மனுசக் குரல் வேண்டியிருக்கிறது.

திரையில் தமயந்தி, இன்று காலையில் படித்தபோது கட்டியிருந்த நீலச் சேலையில். “மாவு விற்ற பாப்பாத்தி அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. தண்ணீரும் நல்ல தண்ணீரே. இது உறுதி.” குரல் தேனாக இருந்தது.

அதே நேரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அதே குரல் கொஞ்சம் காரமாக வந்தது. “கெட்டுப்போன மாவே இந்தத் துயரத்துக்குக் காரணம். இது உறுதி.”

வாசலில் அதே நீலச் சேலையில் மூன்றாவது தமயந்தி, வேர்த்துப்போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அக்கா, அது ரெண்டும் நானில்ல. தண்ணிதான் கெட்டது, உங்க மாவு இல்ல. குடத்துல இருக்கறதக் கொட்டிருங்க. யாரையும் குடிக்க விடாதீங்க.”

பாப்பாத்தி எழுந்து வந்தாள். தமயந்தியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து லேசாக அழுத்திப் பார்த்தாள்.

“நீ நெசந்தான் கண்ணு. எனக்குத் தெரியுது. ஆனா ஆறுதல் சொல்றதும் உன்ற வாய், பக்கத்து வூட்டுல என்னையக் காட்டிக் குடுக்கறதும் உன்ற வாய், இங்க வந்து நிக்கறதும் உன்ற வாய். நான் எந்த வாயை நம்பட்டும்?”

“நான் குடுக்கலக்கா. அவங்களா எடுத்துக்கிட்டாங்க.”

“பதினோரு நா போய் ஒக்காந்து குடுத்துட்டு வந்தியே. இனிப்பு டப்பாவோட வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னியே எங்கிட்ட.” பாப்பாத்தியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தமயந்தியால் தாங்க முடியாததாக இருந்தது. “போ கண்ணு. நீங்க மூணு பேரும் ஒரே ஆபீசுதான். உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு ஒரு ஆளா வா.”

கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை, வந்த விருந்தாளியை வழியனுப்பிவிட்டுச் சாத்துகிற மாதிரி மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

தமயந்தி வாசல்படி இறங்கினாள். பிறகு அடுத்த கதவைத் தட்டினாள். “தண்ணியக் குடிக்காதீங்க” என்றாள். “டிவில இப்பத்தான நல்ல தண்ணின்னு சொன்னீங்க?” என்றார்கள். அதற்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், “டிவில இன்னும் நல்லா பேசுவீங்களே, இன்னைக்கி ஒடம்பு செரியில்லீங்ளா?” என்று அக்கறையாகக் கேட்டார். ஒரு வீட்டில் கேலியாகச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அந்தச் சொல்லை மட்டும் அவள் எந்த வாசலிலும் சொல்லவில்லை. அது இனி அவளுடையது இல்லை. சொல்லை விட்டுவிட்டு, “நான் மயில்சாமிகிட்டப் பேசினேன், வேணும்னா நீங்களே பேசுங்க” என்று அவர் நம்பரைக் கொடுத்தாள். பேசிப் பார்த்தவர்கள் சில பேர். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்க் குடத்தைத் தூக்கி வந்தவர்கள் சில பேர்.

பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள். ஒன்பது வீட்டில் அவள் கண் முன்னாலேயே தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார்கள்.

ஒன்பது வீடு என்பது பெரிய ஊருக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு அப்படியில்லை. ஒன்றரை வருஷத்தில் அவள் சொன்னது அவள் சொன்னபடியே போய்ச் சேர்ந்த வீடுகள் அந்த ஒன்பதுதான். அவள் தெருக்கோடியில் ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்து, அந்த ஒன்பது கதவையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்பத்திரண்டாவது கதவைத் தேடிப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. எழுந்து போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுக் குடத்தில் நல்ல தண்ணீர் நிற்கட்டும். உங்கள் பிள்ளைகள் குடித்துவிட்டுக் குளிர்ந்து தூங்கட்டும். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியவர்கள் உங்கள் வாசலுக்கே நடந்து வரட்டும், வந்தவரை உங்களுக்கு அடையாளம் தெரியட்டும். உங்கள் வாயில் பிறந்த சொல் கடைசிவரை உங்களுக்கே சொந்தமாக இருந்து, உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.